கைமா மிஷினும் பெரியம்மாவும்

மண்ணெண்ணெய் வாசம் வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். என் வீட்டுக்காரர்கூட, "ஒன்னைய டாக்டர்ட்டதான் காட்டணும்" என்பார். நான் வளர்ந்த ராஜபாளையம் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் மண்ணெண்ணெய் மணத்தால், மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் கோலா உருண்டை என்று அர்த்தம். உடைந்த நிலைக்கண்ணாடியின் துண்டு ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை விரித்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கறி அரைக்கிற கைமா மிஷினின் பிளேடை அதில் படுக்கவைத்து அம்மா தேய்க்க ஆரம்பித்தால், அந்த "ஸர்ரக் ஸர்ரக்" சத்தம் தெருமுனை வரைக்கும் எங்களை இழுத்துவரும். ஆனால் அதே வாசம் வந்தால், எச்சிலோடு சேர்ந்து எனக்கு என் பெரியம்மாமேல் ஆத்திரமும் ஊறும். இத்தனை வயதாகியும் அது குறையவில்லை. குறையட்டும் என்று நான் ஜெபம் பண்ணியதும் இல்லை.

அந்த மிஷின், அம்மாவைப் பெற்ற தாத்தா கொடுத்தது. தாத்தா ஒரு மிஷன் விடுதியில் சமையல்காரராக இருந்தவர். விடுதியை மூடிவிட்டுப் போனவர்கள், மேசை ஓரத்தில் திருகி மாட்டிக் கையால் சுற்றுகிற இரண்டு கைமா மிஷின்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாத்தாவுக்கே எது எதுவென்று தெரியாது. மூத்த மகள் பாக்கியத்துக்கு ஒன்று, இளைய மகள் ஞானத்துக்கு ஒன்று என்று வஞ்சகமில்லாமல் பிரித்துக் கொடுத்தார். மூத்தவள்தான் என் பெரியம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடைக்காரருக்கு வாக்கப்பட்டவள். இளையவள் என் அம்மா. மில் ஃபிட்டருக்கு வாக்கப்பட்டவள். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு ரிப்பேர் பார்க்க சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தார்.

குடும்ப விசேஷங்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெரியம்மாவுக்கு நாற்காலி வரும், ஃபேன் வரும், "அக்கா ஜூஸ் குடிங்க" என்று நாலு பேர் ஓடிவருவார்கள். என் அம்மாவை "வா ஞானம்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். ஆனால் அடுப்புப் பற்றவைத்துவிட்டால் கதை மாறிவிடும். கோலா உருண்டை அம்மாதான் போடவேண்டும், வேறு யார் போட்டாலும் எங்கள் ஆட்கள் இலையில் ஒதுக்கிவிடுவார்கள். "ஞானம் வந்தாச்சா? அப்ப சரி" என்று மாமாமார்கள் வாசலிலேயே சொல்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான், அதையும் பறித்துக்கொண்டு போனால் ஒருத்திக்கு என்ன மிச்சமிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மிஷினுக்குள் கறியைத் தள்ளுகிற திருகுக்கு முன்னால் நாலு இதழ் வைத்த பிளேடு ஒன்று உட்காரும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பூ". பூவுக்கு முன்னால் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தட்டு, அது "சல்லடை". பூ தனியாக எதையும் வெட்டாது. அதன் தட்டைப் பக்கம் சல்லடையோடு இடைவெளியில்லாமல் ஒட்டிச் சுற்றினால்தான் கறி கத்தரித்தாற்போல் உதிர்ந்து விழும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் நசுங்கிக் கூழாக வரும், நரம்பெல்லாம் பூவைச் சுற்றிக்கொள்ளும். அதனால் அம்மா பூவையும் சல்லடையையும் ஒரே கண்ணாடியில், ஒரே உப்புத்தாளில், மூன்று விரலால் அமுக்காமல் பிடித்து, எட்டுப் போட்டுத் தேய்ப்பாள். "ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு பழகுனது, பிரிக்கக் கூடாது" என்பாள். அரைத்து முடிக்கும்போது கடைசியாக ஒரு கை பொரிகடலையைப் போட்டுச் சுற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் கறி பூராவும் வெளியே வந்துவிடும், அதுவும் கோலாவிலேயே சேர்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வெந்நீரில் கழுவி, முறத்தில் வெயில் காட்டி, தேங்காயெண்ணெய் தடவி, பூவையும் சல்லடையையும் முகத்தோடு முகம் வைத்துத் துணியில் கட்டி, கொஞ்சம் அரிசி போட்ட பிஸ்கட் டின்னுக்குள் வைப்பாள். ஈரம் அண்டினால் அரிசி குடித்துக்கொள்ளும்.

பெரியம்மா வீட்டு மிஷின் கதையே வேறு. அரைத்துவிட்டு அப்படியே தொட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள், எடுக்கும்போது துருவாடை அடிக்கும். அதைத் தேய்க்கவோ எண்ணெய் போடவோ அவளுக்குக் கை வளையாது. அதைவிட்டுவிட்டு, "எங்கய்யா நல்ல மிஷினச் சின்னவளுக்குக் குடுத்துட்டு, தேஞ்சத என் தலையில கட்டிட்டாரு" என்று ஊர் பூராவும் சொல்லித் திரிவாள். தாத்தா செத்துப்போய்விட்டதால் இல்லையென்று சொல்வதற்கு ஆளும் இல்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மம்சாபுரத்தில் வீடு கட்டி முடித்திருந்தார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஆட்டுக்கறி விருந்து. கோலா வழக்கம்போல அம்மா. அதற்குச் சில நாள் முன்னால் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "கடைக்கு வெளியூர் ஆளுக வாராக, என் மிஷின் சுத்தவே மாட்டேங்கு, ஒன்னோடதச் செத்தக் குடுட்டி" என்று வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் திருப்பியும் அனுப்பிவிட்டாள், அதுவும் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு. ஆயுசில் அவள் இரவல் வாங்கிய ஒரு சாமானையாவது கழுவித் தந்ததாக நாங்கள் கண்டதில்லை. அம்மா அதைப் பார்த்து, "பரவாயில்லயே, அக்காவுக்குப் பொறுப்பு வந்துருச்சு" என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மம்சாபுரத்தில் முதல் பிடி கறியைப் போட்டுச் சுற்றியதுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. சல்லடை வழியாகச் சாம்பல் நிறத்தில் கூழ் வழிந்தது. கழற்றினாள், நரம்பை உருவினாள், இறுக்கி மாட்டினாள், மறுபடியும் கூழ். கடைசியில் மிச்சக் கறியைக் கத்தியால் கொத்த ஆரம்பித்தார்கள், அதற்குள் பந்தி உட்கார்ந்துவிட்டது. நசுங்கின கறி தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றது, பொரிகடலை மாவை எவ்வளவு கொட்டினாலும் பிடிபடவில்லை, உருட்டிப் போட்டதெல்லாம் எண்ணெயில் உடைந்து தூளாக மிதந்தது. அம்மா தெறித்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல் சாரணிக் கரண்டியோடு போராடிக்கொண்டிருக்க, பெரியம்மா அடுக்களை வாசலில் நின்று, பந்தியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படியாகச் சொன்னாள்: "ஞானத்துக்குக் கைப்பக்குவம் போயிருச்சு. என்ன செய்ய, வீட்டுத் தரித்திரம் கறியில எறங்கிருச்சு!"

யாரோ சிரித்தார்கள். கடைசி வரிசையில் அப்பா தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பெரியம்மாவின் காலைக் கடித்துவிடலாமா என்று பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன்.

மறுநாள் காலையில் கண்ணாடித் துண்டும் உப்புத்தாளும் வெளியே வந்தன. அம்மா பூவைத் தாளில் வைத்து ஒரு எட்டுப் போட்டாள், நிறுத்தினாள், விரலால் தட்டினாள். அது கண்ணாடியில் ஆடியது. துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைச் சல்லடையில் லேசாகத் தடவி, பூவை அதன்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பார்த்தாள். நாலு இதழிலும் நீலம் ஒட்ட வேண்டும். ஒரே ஒரு இதழின் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. "இது எம் பூ இல்ல" என்றாள் அம்மா. அவ்வளவு நிதானமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சைக்கிள எடுக்கேன், போய்க் கேட்டுருவோம்" என்றார். அம்மா விடவில்லை. "கேட்டா, என்னையத் திருடிங்கியான்னு மாரடிச்சு ஊரக் கூட்டுவா. நாம போய்க் கேக்கக் கூடாது. பந்தியில வச்சு எம்புட்டுச் சத்தமாச் சொன்னாளோ, அம்புட்டுச் சத்தமா அவ வாயாலயே அது பொய்யின்னு சொல்லணும். அது வரைக்கும் எனக்கு அக்கா கெடையாது." எங்கள் வீட்டில் அன்றைக்கு வைத்த வைராக்கியம் அது. பூ திரும்பி வர வேண்டும் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை, அந்த வார்த்தைதான் திரும்பி வரவேண்டும்.

பெரியம்மா செய்ததில் ஒரு முட்டாள்தனம் இருந்தது. பூவில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து, பூவை மட்டும் மாற்றிக்கொண்டு சல்லடையை எங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். ஆக எங்கள் பூ அவள் சல்லடையோடு ஒட்டாமல் அங்கே கிடந்தது, அவள் பூ எங்கள் சல்லடையோடு ஒட்டாமல் இங்கே கிடந்தது. இதை அம்மா முதல் நாளே கண்டுகொண்டாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. எண்ணெய்க்கு அடியில் துரு தின்றிருந்த அந்த அந்நியப் பூவை எடுத்து, சனிக்கிழமை தவறாமல் நீலம் தடவிப் பார்ப்பதும் எட்டுப் போடுவதுமாக, பகையை வளர்ப்பதுபோல அதை வளர்த்தாள். இரண்டு இதழ் ஒட்டியது, பிறகு மூன்று. நாலாவது இதழும் நீலத்தைத் தொட்ட சனிக்கிழமை, அம்மா அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தியாட்டி?" என்றாள். மறுநாள் கோலா பழைய கோலாவாகவே இருந்தது.

முழுப்பரீட்சை லீவுக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பெரியம்மா மகள் எஸ்தர் அக்காவுக்கு என்மேல் உயிர், அவளுக்காகத்தான் போனேன், வெளியில் எதையும் காட்டிக்கொள்ளாத அம்மாவும் தடுக்கவில்லை. அங்கே பெரியம்மா, திருடிய பூவை மாட்டி அரைத்துப் பார்த்து, கூழாக வருகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் சாணை பிடிக்கிறவர் சைக்கிளோடு வந்தார். பெரியம்மா ஓடிப்போய்ப் பூவை நீட்டினாள். அவர் கத்திக்கும் அரிவாள்மனைக்கும் பிடிப்பதுபோல நாலு இதழையும் சரிவாகப் பிடித்து, நுனி மினுங்க மினுங்கக் கொடுத்தார். தட்டையாக இருக்கவேண்டிய பூ அன்றோடு ஒழிந்தது. பெரியம்மா அதில் ஒரு நூலை அறுத்துப் பார்த்துவிட்டு, "இப்பப் பாரு வெட்ட" என்று பூரித்துப்போய், அரைத்துக்கூடப் பார்க்காமல் அடுத்த விசேஷத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பால்கோவா தின்றுகொண்டிருந்தேன்.

லீவு முடிவதற்குள்ளேயே வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஊருக்கு ஓடிவந்தேன். "சாணையா? சரிவாவா பிடிச்சான்?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்று சத்தியம் பண்ணினேன். மம்சாபுரத்துக்குப் பிறகு அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு என் வாயைப் பொத்தி, "ஒரு வார்த்த வெளிய போச்சு, கொன்னுருவேன்" என்றாள்.

அடுத்த வருஷம் எஸ்தர் அக்காவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கூமாப்பட்டிக்காரர். பெரியம்மா பத்திரிகை வைக்க வந்தபோது, "கோலா இந்தத் தடவ என் கையால. நீ பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வந்து ஒக்காந்தாப் போதும்" என்றாள். "சரிக்கா" என்றாள் அம்மா. கல்யாணத்தன்று இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மண்டபத்தில் முன்வரிசை நாற்காலியில் போய் அமர்ந்தாள். குடும்ப விசேஷம் ஒன்றில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பந்திக்கு வெகு முன்னாலேயே பெரியப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஞானம், செத்த அடுப்படிக்கு வாம்மா. மிஷின் கட்டிக்கிட்டு நிக்கி. கறியெல்லாம் கருப்புக் கருப்பா வருது. ஒன் மிஷினுக்குக் கார அனுப்பட்டுமா?" சரிவான பூ சல்லடையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது என்று அம்மாவுக்கும் எனக்கும் புரிந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "எதுக்கு அத்தான்? எங்க வீட்டுத் தரித்திரம் ஒங்க கறியில எறங்கிறக் கூடாதுல்ல" என்றாள். அவர் அடுப்படிக்கே திரும்பி ஓடினார்.

பிறகு பெரியம்மாவே வந்தாள். சேலை நிறைய இரும்புக்கறையும் கறியும். அம்மா எழுந்திருக்கவில்லை. "மம்சாபுரத்துல என்ன நடந்துச்சுன்னு இங்க வச்சு ஒரு வார்த்த சொல்லுக்கா. எந்திரிச்சு வந்து அம்புட்டையும் நானே அரைச்சுத் தாரேன்" என்றாள். பெரியம்மா கூமாப்பட்டிச் சம்பந்திகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லவில்லை, விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

கருத்த கறியைக் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்து எதையோ பொரித்து அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா இலையில் விழுந்த தூளை விரலால் கிண்டி, "ஏலே, இது என்ன புட்டா?" என்று கேட்க, கூமாப்பட்டி வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. எஸ்தர் அக்கா முகம் சுருங்கியதற்கு மட்டும் எனக்கு வருத்தம். மற்றபடி, பொய் சொல்வானேன், அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. அம்மா நிதானமாகச் சாப்பிட்டு, ரசத்துக்கு மறுசோறு வாங்கினாள்.

அதற்குப் பிறகு எல்லா விசேஷத்துக்கும் அம்மாதான் கோலா. அடுப்பு திரும்பி வந்தது, நாற்காலிகூட வந்தது, கேட்ட வார்த்தை வரவில்லை. அம்மா செத்தபோது பெரியம்மா காரில் வந்து இறங்கி எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். என் தங்கச்சி நிறம் என்ன, முடி என்ன, பொறுமை என்ன, ஜெபம் என்ன என்று வரிசையாகச் சொல்லி அழுதாள். இப்போது வரும், இப்போது வரும் என்று நான் அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

மிஷின் இப்போது என்னிடம் இருக்கிறது. கறிக்கடையிலேயே கரண்டு மிஷினில் அரைத்துத் தருகிறார்கள், மிக்சி இருக்கிறது, இதைப் போய் ஏன் தேய்க்கிறாய் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த அன்றைக்கு எட்டுப் போடுவேன், ஒவ்வொரு எட்டுக்கும் பெரியம்மாவை ஒரு தடவை நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் எஸ்தர் அக்கா மகனுக்கு ராஜபாளையத்தில் கல்யாண வரவேற்பு. பெரியம்மாவை என் பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பல் போய், உடம்பு வற்றி, ஆளே பாதியாகிவிட்டாள். கேட்டரிங்காரர்கள் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் கோலா வைத்தார்கள். பெரியம்மா ஒன்றை எடுத்துப் பிட்டு ஈறில் வைத்து மென்று பார்த்துவிட்டு, இலை ஓரத்தில் துப்பினாள். "ஞானம் கை வருமா?" என்று தனக்குத்தானே முனகினாள்.

"என்ன பெரியம்மா? பாட்டுச் சத்தத்துல கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் எதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படியாக, "ஞானத்துக்குக் கைப்பக்குவம் போகல. மம்சாபுரத்துல பூவ மாத்துனது நாந்தான். போதுமாட்டி?" என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். மம்சாபுரத்தில் அந்த வார்த்தையைக் கேட்டவர்களில் என் அப்பா இல்லை, மாமா இல்லை, பெரியப்பா இல்லை. புட்டா என்று கேட்ட கூமாப்பட்டிக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் எஸ்தர் அக்காவின் பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள். ஒருத்தன் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஞானமா? அது யாரு?" என்று கேட்டான்.

பெரியம்மா கைத்தடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "இருங்க பெரியம்மா, நீங்களும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, தாத்தா இரண்டு மிஷின் கொண்டுவந்த கதையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.